இறக்கிவிடத் தெரிந்தவர் யார்?

மரத்தில் ஏறி வேலை செய்பவர்களிடம், மேலே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் இறக்குவார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் தீயணைப்புத் துறை என்பதுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் சில காலம் இருந்தவர்கள் அந்தப் பதிலை நம்பி ஏறுவதில்லை. தீயணைப்பு வண்டியின் ஏணி சாலையோரக் கட்டடத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வண்டி நுழைய வழியில்லாத ஒரு பின்கட்டில், மதிலுக்கும் கூரைக்கும் நடுவே நிற்கும் 20 மீட்டர் மரத்தின் உள்கிளைக்கு அது எட்டாது. கயிற்று மீட்பில் தேர்ந்த குழுக்கள் இருக்கும் இடங்களிலும், அவர்கள் பழகியது பெரும்பாலும் பாறையிலும் கட்டடத்திலும்தான். கிளை பிரியும் எந்தக் கவை ஆளைத் தாங்கும், எது தாங்காது என்பது மரத்தோடு புழங்கியவருக்குத்தான் தெரியும். மீட்புக் குழு வந்து சேர்ந்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, கயிறு கட்டி முடிப்பதற்குள் போகும் நேரம் போனதுதான். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவருக்கு இருப்பது சில நிமிடங்கள். நினைவிழந்து, தலை முன்னே சரிந்து, மூச்சுப்பாதை அடைபட்டவருக்கு மூளை பாதிக்கப்படத் தொடங்க 4 நிமிடங்களே போதும்.

கயிற்றில் ஏறிக் கிளை வெட்டுவது என் தொழில். சில ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மீட்புப் பயிற்சி கொடுக்கும் இடங்களிலும் துணைக்கு நிற்கிறேன். அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்து, இந்தப் பயிற்சி எதைக் கற்றுத்தருகிறது, எங்கே குறைப்படுகிறது என்று எழுதிப் பார்க்கத் தோன்றியது.

அடிப்படை விதி எளிமையானது: மரத்தில் ஒருவர் இருக்கும்போது, ஏறி அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர், அதற்கான கருவிகளோடு கீழே இருக்க வேண்டும். பிரிட்டனில் பணிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெச்.எஸ்.இ. அமைப்பின் வழிகாட்டுதல் இதையே சொல்கிறது. மரமேறும் வேலைக்குக் குறைந்தது இரண்டு பேர், கீழே நிற்பவர்களில் ஒருவர் தாமதமின்றி மீட்கத் தகுதியும் கருவியும் உடையவராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உயரத்தில் செய்யும் வேலைகளுக்காக அங்கே 2005-இல் வந்த விதிமுறைகள், வேலையைத் திட்டமிடுவது என்றாலே அவசர நிலையையும் மீட்பையும் சேர்த்துத் திட்டமிடுவதுதான் என்று சட்டமாகவே எழுதிவிட்டன. மரவேலைப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் இசட்133 தரநிலையும் இரண்டாவது ஆள் பார்வைக்கோ குரலுக்கோ எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரநிலை பிறந்த கதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே அதிகம் தெரியாது. 1967-இல் மரக்கிளை வெட்டும்போது இறந்துபோன ஓர் இளைஞரின் தாய், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்தவர், மாநில ஆளுநர்களுக்கும் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தனியொருவராகக் கடிதம் எழுதி எழுதிக் கேட்டதன் பேரில்தான் அதற்கான குழு 1968-இல் கூடியது. முதல் பதிப்பு 1972-இல் ஏற்கப்பட்டது. தொழில் செய்தவர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்டிருக்க வேண்டிய விதியை, மகனைப் பறிகொடுத்த ஒருவர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

மீட்பு என்ற சொல்லைக் கேட்டதும் கீழே விழுந்தவர் நினைவுக்கு வருகிறார். விழுந்தவருக்கு முதலுதவிதான் தேவை; மரத்திலிருந்து மீட்க அங்கே ஒன்றுமில்லை. மீட்புப் பயிற்சி பேசுவது விழாமல் தொங்குபவரைப் பற்றி. சங்கிலி ரம்பம் திருப்பி அடித்துத் தோளையோ கையையோ கிழித்தவர், வெட்டிய கிளை எதிர்பாராத பக்கம் சுழன்று வந்து மார்பில் இடித்தவர், பிளந்த தண்டுக்கும், தன்னைத் தண்டோடு பிணைக்கும் இடுப்புக் கயிறான லேன்யார்டுக்கும் நடுவே நசுங்கியவர், குளவி கொட்டி மூச்சு இறுகியவர், வெயிலில் மயங்கியவர், மாரடைப்பு வந்தவர், மின்கம்பி பட்ட கிளையைத் தொட்டவர். இவர்கள் எல்லோரும் தம் கயிற்றில் பத்திரமாகத்தான் தொங்கிக்கொண்டிருப்பார்கள். கயிறு தன் வேலையைச் செய்துவிட்டது. இனி அந்தக் கயிறுதான் இடைஞ்சல்.

பனைக் குடும்பத்து மரங்களில் ஒரு தனி ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சில இனங்களில் காய்ந்த மட்டைகள் உதிராமல், தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல அடுக்கடுக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் அடியில் நின்று கீழிருந்து மேலாகக் கழித்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் மேலுள்ள அடுக்கு மொத்தமாகச் சரிந்து ஏறியவர்மேல் இறங்கும். அவர் விழமாட்டார், தண்டோடு அழுத்தப்பட்டு மூச்சுத்திணறுவார். கீழே நிற்பவருக்கு ஆள் தெரியவே மாட்டார், மட்டைக் குவியல்தான் தெரியும். வெளியிலிருந்து அந்தக் குவியலை விலக்கி ஆளை எடுக்க நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால், இங்கே மீட்புப் பயிற்சி கற்றுத்தரக்கூடியது ஒன்றுதான்: மேலே போய் மேலிருந்து கழி, அடியில் நிற்காதே.

பயிற்சியின் முதல் பாடம் ஏறாமல் இருப்பது. இதைச் சொன்னால் புதிதாக வருபவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஏறுபட்டையான சேணத்தை மாட்டிக்கொண்டு துடிப்போடு நிற்கிறவரிடம், கையைக் கட்டிக்கொண்டு மரத்தைப் பார் என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும், மேலே இருப்பவரைத் தாக்கியது எதுவோ அது பெரும்பாலும் இன்னும் மேலேயே இருக்கிறது. பாதி முறிந்த கிளை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். கூடு கலைந்த குளவிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். பிளந்த தண்டு இரண்டாவது ஆளின் எடையைத் தாங்காது. மின்கம்பி என்றால் மரமே மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான பச்சை மரத்தைத் தொடுவதே போதும், தரையில்கூட மரத்தைச் சுற்றி மின்னழுத்தம் பரவியிருக்கும். மின் நிறுவனம் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக உறுதிசெய்யும்வரை அந்த மரத்தடிக்குப் போகக் கூடாது என்பதில் எந்தப் பாடத்திட்டமும் விட்டுக்கொடுப்பதில்லை. நண்பன் மேலே அசைவின்றித் தொங்க, கீழே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடக் கடினமான வேலை இந்தத் தொழிலில் இல்லை. இருந்தும் இரண்டாவது ஆளும் அடிபட்டால் முதல் ஆளை இறக்க யாருமில்லாமல் போகும். பதறாத காரியம் சிதறாது என்று சொல்வது இங்கே வெறும் பழமொழியாக இல்லாமல் வேலைமுறையாகவே ஆகிவிடுகிறது.

அடுத்தது அழைப்பு. மீட்பவர் ஏறத் தொடங்குவதற்கு முன்பே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேர் மட்டுமே இருக்கும் இடத்தில் இதை மறந்துவிட்டு ஏறிவிடுவது பயிற்சிகளில் திரும்பத் திரும்பக் காணும் தவறு. இன்ன தெருவில் இன்ன வீடு, எந்த வாசல் வழியாக வர வேண்டும், வண்டி எதுவரை வரும் என்பதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்துச் சொல்ல முடியாது. எனவே காலையில் வேலை தொடங்கும்போதே ஒரு தாளில் எழுதி வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிவைப்பது நல்ல குழுக்களின் பழக்கம். காட்டுக்குள் வேலை என்றால் முகவரி இருக்காது. செல்பேசி காட்டும் இருப்பிட எண்களை எழுதிவைக்க வேண்டும். அங்கே செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பிறகு பேச்சு. நினைவோடு இருப்பவரிடம் கீழிருந்தே கேட்க வேண்டியவை சில உண்டு. "அண்ணே, ரத்தம் எங்கேயிருந்து வருது? கையால அழுத்திப் பிடிக்க முடியுதா? ரம்பத்தை அணைச்சாச்சா? தானா இறங்கப் பாக்குறீங்களா, நான் வரட்டுமா?" இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பாதி வேலையைக் குறைத்துவிடும். அடிபட்டவர் ஒரு கையாலாவது தன் உராய்வு முடிச்சை (எடை விழுந்தால் கயிற்றைப் பற்றி நிற்கும், இழுத்தால் நழுவவிடும் முடிச்சு) இழுக்க முடிந்தால், மெதுவாகத் தானே இறங்கிவிடுவார். கயிற்றின் அடிப்பகுதியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் வேகமும் கட்டுக்குள் இருக்கும். பயிற்சிக் களத்தில் எல்லோரும் நினைவிழந்த ஆளையே மீட்டுப் பழகுவதால், பேசி இறக்க முடிந்த ஆளிடமும் ஓடி ஏறும் பழக்கம் வந்துவிடுகிறது. இது பயிற்சி தரும் கெட்ட பழக்கங்களில் ஒன்று என்பது என் எண்ணம்.

நினைவிழந்தவரைத்தான் போய் எடுக்க வேண்டும். அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம்.

மீட்பவர் அடிபட்டவருக்குச் சற்று மேலே, தன் கயிற்றுக்குத் தனி நங்கூரம் (கயிற்றைத் தாங்கும் பிடிப்பு) போட்டு, பக்கவாட்டில் வந்து சேர்கிறார். அடிபட்டவரின் நங்கூரம் பத்திரமானது என்று கண்ணால் பார்க்காமல் அதையே நம்பித் தொங்கக் கூடாது. அவரைத் தாக்கிய கிளை அந்தக் கவையையும் தாக்கியிருக்கலாம். போனதும் முதல் காரியம் முடிச்சோ, திறந்து மூடும் உலோகக் கொக்கியான காராபினரோ அல்ல, மூச்சு. சேணத்தில் பின்னால் சாய்ந்து தொங்கும் ஆளின் தலை ஒருபுறம் சரிந்திருக்கும். முன்னால் குனிந்து தொங்கினால் தாடை மார்பில் படிந்து மூச்சுப்பாதையை மூடியிருக்கும். மீட்பவர் ஒரு கையால் தலையை நிமிர்த்தி, தாடையைத் தூக்கிப் பிடித்து, மூச்சு வருகிறதா என்று கேட்கிறார். அந்தக் கையை இனி எளிதில் எடுக்க முடியாது. எனவே அடிபட்டவரின் அக்குளுக்குக் கீழே ஒரு பட்டைக் கயிற்றைச் சுற்றி மார்போடு நிமிர்த்திக் கட்டினால்தான் மீட்பவருக்கு இரண்டாவது கை கிடைக்கும். மூச்சே இல்லை என்றால் மேலே செய்யக்கூடியது ஏதுமில்லை. தொங்கும் ஆளுக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். பலன் தராது. அடியில் உறுதியான தரை இருந்தால்தான், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த முடியும். அப்போது மற்ற நுணுக்கங்களை விட்டுவிட்டு இறங்குவதே மருந்து.

இறங்குவதற்கு அடிபட்டவரின் எடையை மீட்பவரின் கயிற்றுக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் கருவியறிவு சோதிக்கப்படுகிறது. சங்கிலி ரம்பத்தோடு வேலை செய்பவர் இரண்டு இடங்களில் கட்டப்பட்டிருப்பார்: ஒன்று ஏறிய கயிறு, மற்றொன்று தண்டைச் சுற்றிய லேன்யார்ட். ரம்பச் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுவது. ஒரு கயிற்றை அறுத்துவிட்டால் மற்றொன்றாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இந்த விதி. அதே விதியால் மீட்பவர் இரண்டு இணைப்புகளைக் கழற்ற வேண்டியிருக்கிறது. எடை ஏறியிருக்கும் காராபினரின் வாயைத் திறக்க முடியாது. லேன்யார்டைத் தளர்த்தும் கருவி தண்டுக்கும் உடம்புக்கும் நடுவே மாட்டியிருந்தால் விரல் நுழையாது. இதைக் கழற்ற ஆளை ஒரு சாண் தூக்கினால் போதும்; அந்த ஒரு சாணைத் தூக்கத்தான் 80, 90 கிலோ எடையோடு தொங்கிக்கொண்டு ஒருவர் போராடுகிறார். சிறிய கப்பித் தொகுதி ஒன்றை மீட்புப் பையில் வைத்திருப்பவர் மூன்று இழுப்பில் அதை முடித்துவிடுவார். வைத்திராதவர், அடிபட்டவரின் சேணத்தில் கட்டிய கயிற்றை மேலே வளைத்துவிட்டு, மறுமுனை வளையத்தில் தன் பாதத்தை மாட்டி, தன் எடையால் மிதித்து அவரை உயர்த்தப் பார்ப்பார். சில நேரம் நடக்கும்.

கத்தியால் அறுத்துவிட்டால் என்ன என்று ஒவ்வொரு பயிற்சியிலும் யாராவது கேட்கிறார்கள். அறுக்கலாம், ஆனால் எதை அறுக்கிறோம் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அறுக்க வேண்டும். 11 மில்லிமீட்டர் கயிறு கிடையில் வைத்து இழுத்தால் 2,000 கிலோவுக்கும் மேல் தாங்கும். அதே கயிறு ஆளின் எடையில் விறைத்து நிற்கும்போது கூர்மையான அலகு லேசாகத் தொட்டாலே இழை இழையாகத் தெறித்துப் போகும். நான்கு கயிறுகள் ஒரே நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில், கை நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் திறந்த கத்தி இருப்பதை நான் விரும்புவதில்லை. நுனி மழுங்கிய கத்தரிக்கோல் இதற்குப் போதும். மீட்புப் பையில் அதுதான் இருக்க வேண்டும். மீட்பவரின் கயிறும் வேலை செய்பவரின் கயிறும் வேறு வேறு நிறத்தில் இருப்பது செலவில்லாத முன்னேற்பாடு.

எடை மாறியதும் இருவரும் ஒரே கயிற்றில் இறங்குகிறார்கள். ஓர் ஆளுக்காகக் கட்டிய உராய்வு முடிச்சில் இரண்டு ஆட்களின் எடை ஏறும்போது அது இறுகிவிடும். இறுகியதை வலிந்து இழுத்தால் சட்டென்று வழுக்கும், வழுக்கும்போது சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்கும் அராமிட் இழையில் செய்த முடிச்சுக் கயிறுகளையே இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், ஏறிய கயிற்றின் மேலுறை பாலியஸ்டராக இருந்தால் அது பளபளவென்று உருகிப் படியும். இயந்திரக் கருவிகளில் சில இருவர் எடைக்கு ஏற்றவை, சில ஏற்றவை அல்ல. தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் அது எழுதியிருக்கும். அதை மீட்பு நடக்கும் நாளில் புரட்டிப் பார்க்க நேரமிருக்காது. கூடுதலாக, கயிறு சுற்றி ஓடும் ஓர் எட்டு வடிவ உலோக வளையத்தைச் சேர்த்து உராய்வைப் பகிர்ந்துகொள்வது பழைய வழி. இன்றும் நன்றாக வேலை செய்யும். இறங்கும் வழியில் கிளைகள் குறுக்கிடும். அடிபட்டவரின் உடம்பு முதலில் கிளையில் மோதாதபடி, மீட்பவர் தன் முழங்காலாலும் தோளாலும் அவரைத் தாங்கிக்கொண்டு வர வேண்டும். தரைக்கு வந்ததும் கீழே இருப்பவர்கள் கால்களைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினால்தான் அவரைப் படுக்கவைக்க முடியும். மரத்தடியில் வெட்டிய கிளைகள் குவிந்து கிடந்தால் ஆளை எங்கே படுக்கவைப்பது? இறங்கும் இடத்தைத் துப்புரவாக வைத்திருப்பதும் மீட்பில் சேர்ந்ததுதான்.

ரம்பக் காயத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீட்பவர் கயிற்றில் ஏறி வந்து சேரும்வரை ரத்தத்தை நிறுத்த வேண்டியவர் அடிபட்டவரேதான். எனவே முதலுதவிப் பை வண்டியில் இருந்து பயனில்லை. அழுத்தக் கட்டும், ரத்தம் உறையவைக்கும் துணியும், கை கால்களை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையும் ஏறுபவரின் சேணத்திலேயே தொங்க வேண்டும். டூர்னிக்கே பட்டையை ஒற்றைக் கையால், அதுவும் வழக்கமாகப் பயன்படுத்தாத கையால், காயத்துக்குச் சில அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல் மாட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கிப் பழக வேண்டும். சரியாக மாட்டினால் கடுமையாக வலிக்கும். வலிக்கிறதே என்று தளர்த்திவிடக் கூடாது. மாட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கயிற்று நுணுக்கங்களுக்கு நாள் முழுக்கச் செலவிடும் பயிற்சிகள் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்காததைக் கண்டிருக்கிறேன். எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது.

சேணத்தில் அசைவின்றித் தொங்குவதே ஒரு நோய். கால் தசைகள் இயங்காதபோது ரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, காயம் ஏதும் இல்லாதவரும் மயங்கிவிடலாம். சிலருக்கு இது சில நிமிடங்களிலேயே வந்துவிடும். இதைப் பற்றி நெடுங்காலம் ஒரு பாடம் சொல்லித்தரப்பட்டது: இறக்கியவரை உடனே படுக்கவைக்காதே, தேங்கிய ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குப் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும், அரை மணி நேரம் உட்காரவை என்று. ஹெச்.எஸ்.இ. 2009-இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பீடு அதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி, வழக்கமான முதலுதவி முறையையே பின்பற்றச் சொன்னது. மயங்கிய ஆளை நிமிர்த்தி உட்காரவைப்பதுதான் அவருடைய மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். படுக்கவைத்து மூச்சுப்பாதையைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பாடம். ஆனால் பழைய பாடத்தைக் கற்றவர்கள் இன்னும் களத்தில் இருக்கிறார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும்வரை பாடமும் மாறாமல் இருக்கிறது. மீட்பு தாமதமாகும் என்று தெரிந்தால், நினைவோடு தொங்குபவரைக் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். பாதத்துக்கு ஒரு வளையம் கொடுத்து அதில் மிதித்து நிற்கச் சொல்லலாம். நினைவில்லாதவர் என்றால், அவரை அடைந்தவர் முழங்கால்களைத் தூக்கிவைக்கப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. மீட்பு எவ்வளவு நேரத்தில் முடியும் என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் மீட்பவர் அல்ல, காலையில் ஏறியவர்தான். அவர் தன் கயிற்றை எப்படிக் கட்டினார், இன்னொருவர் ஏற வழி விட்டாரா என்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

எறிபையில் மெல்லிய நூல்கயிற்றைக் கட்டி உயரத்துக் கவையில் எறிந்து, அதன் வழியே பெருங்கயிற்றை இழுத்துப் போடுவது ஏறுவதன் முதல் படி. கை பழகியவருக்கும் அது சில எறிதல்கள் பிடிக்கும். பதற்றத்தில் எறிந்தால் பை எங்கெங்கோ போய்ச் சிக்கும். எனவே வேலை தொடங்கும்போதே இரண்டாவது கயிறு ஒன்றை மரத்தில் போட்டுவைத்துவிட்டால், மீட்பவர் சேணத்தை மாட்டியதும் ஏறத் தொடங்கலாம். எத்தனை பயிற்சி பெற்றாலும் மிச்சப்படுத்த முடியாத நேரத்தை இந்த ஒரு கயிறு மிச்சப்படுத்துகிறது. கயிறு போட்டுவைத்தால் மட்டும் போதாது. மரத்தின் எந்தப் பக்கம் வேலை நடக்கப்போகிறதோ அதற்கு ஏற்றபடி அது அமைய வேண்டும், வேலை நகர நகர அதுவும் நகர வேண்டும். மதியத்துக்குப் பிறகு அந்தக் கயிறு யாருக்கும் பயன்படாத கிளையில் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

ஒற்றைக் கயிற்றில் ஏறும் முறையில் இன்னொரு வசதி இருக்கிறது. கயிற்றை மேலே கட்டாமல், கவையின்மேல் ஓடவிட்டு, மறுமுனையை அடிமரத்தில் இறக்குக் கருவி ஒன்றோடு சேர்த்துக் கட்டி, மிச்சக் கயிற்றைப் பையில் வைத்துவிட்டால், மேலே இருப்பவர் மயங்கினாலும் கீழே நிற்பவர் மரமேறாமலே அவரை இறக்கிவிடலாம். கேட்கும்போது இதைவிடச் சிறந்தது வேறில்லை என்று தோன்றும். ஆனால் இதில் மேலுள்ள கவைக்கு ஏறுபவரின் எடையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுமை விழுகிறது. கவையைத் தேர்ந்தெடுப்பதில் அதற்கேற்ற கவனம் வேண்டும். அடிமரத்தில் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் யாரோ ரம்பத்தால் கிளை துண்டுபோட்டால், கதை முடிந்தது. மேலே இருப்பவர் லேன்யார்டால் தண்டோடு கட்டப்பட்டிருந்தால் கீழிருந்து கயிற்றை விட்டாலும் அவர் இறங்கமாட்டார். ஏறித்தான் ஆக வேண்டும். ஆக இந்த வசதியை நம்பி ஏறத் தெரியாத ஆளைக் கீழே நிறுத்திவிட முடியாது. அண்மை ஆண்டுகளில் பிரிட்டனில் வலியுறுத்தப்பட்டுவரும், ஒரே நேரத்தில் இரண்டு கயிறுகளில் தொங்கும் இரட்டைக் கயிற்று முறையும் இப்படித்தான். விழுவதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது. மீட்பவர் அவிழ்க்க வேண்டிய இணைப்புகளைக் கூட்டுகிறது. இரண்டையும் கணக்கில் வைத்தே பழக வேண்டும்.

பயிற்சி முறையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. 1976 முதல் நடந்துவரும் பன்னாட்டு மரமேறும் போட்டியில் மீட்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட சில நிமிடங்களுக்குள் பொம்மையைப் பத்திரமாக இறக்க வேண்டும். பார்க்கத் திகைப்பாக இருக்கும், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஆனால் தேர்வுக் களங்களில் நடப்பது வேறு. எல்லோரும் ஏறி இறங்கித் தேய்ந்த ஒரே மரம். பக்கத்திலேயே போட்டுவைத்த கயிறு. தண்டுக்கு அருகில், எளிதில் எட்டும் இடத்தில், லேன்யார்ட் கூட இல்லாமல் தொங்கும் பொம்மை. காலையில் சொல்லிவைத்து மதியம் மீட்கும் விபத்து உலகில் கிடையாது. அதில் தேறியவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய், பல ஆண்டுகள் மீட்புப் பையைத் திறக்காமலே வேலை செய்கிறார். பையைத் திறந்து பார்த்தால் அதிலிருந்த காராபினர்கள் வேறெதற்கோ எடுத்துப் போகப்பட்டிருக்கும்.

நான் நம்பும் பயிற்சி, அன்றைக்கு வேலை நடக்கும் மரத்திலேயே, மதிய இடைவேளைக்கு முன், முன்கூட்டிச் சொல்லாமல் நடப்பது. பெரிய உயரம் தேவையில்லை. மூன்று, நான்கு மீட்டரில் கற்கும் எடைமாற்றமும் 20 மீட்டரில் செய்யும் எடைமாற்றமும் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: ஒருநாள் ஆள் கிளையின் நுனியில், ஒருநாள் தலைகீழாக, ஒருநாள் கிளைகளே இல்லாத மொட்டைத் தண்டில், ஒருநாள் மீட்பவருக்கு ஒரு கை மட்டும். மொட்டைத் தண்டு மற்றவற்றைவிடக் கடினம், ஏனென்றால் மேலே நங்கூரம் போட ஒரு கவையும் இருக்காது. மீட்பவர், தண்டில் குத்தி ஏற உதவும் கால்முள்ளைக் காலில் கட்டி, அடிபட்டவருக்குக் கீழிருந்து ஏறி, தண்டையே கயிற்றால் சுருக்கிட்டுத்தான் இருவரையும் தாங்க வேண்டும். உயிருள்ள மரத்தில் பட்டையைக் குத்தக் கூடாது என்று விலக்கப்பட்ட கால்முள், மீட்புக்கு என்றால் எந்த மரத்திலும் அனுமதிக்கப்படுகிறது. இப்படிப்பட்ட வேலைகளில் மரத்தின் வசதியைப் பார்த்து ஆளைக் கைவிட முடியாது.

கயிறு ஏறாமல் தரையில் மட்டும் வேலை செய்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். கருவிகளின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து ஒன்றைக் கேட்டால் எடுத்து அனுப்பத் தெரிய வேண்டும். யார் அழைப்பது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸை உள்ளே கொண்டுவருவது, யார் எல்லா ரம்பங்களையும் இயந்திரங்களையும் அணைப்பது என்பது பெயர் சொல்லிப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பயிற்சியில் அடிபட்டவராக நடிக்க உயிருள்ள ஆளை வைத்தால் அவரை நெடுநேரம் அசையாமல் தொங்கவிடக் கூடாது, அவருக்குத் தனிப் பாதுகாப்புக் கயிறு ஒன்றும் இருக்க வேண்டும். எடைமாற்றத்தைப் பழகும் தொடக்க நாள்களில் பொம்மையே நல்லது. ஆளை வைத்துப் பழகுவதில் ஒரு நன்மையும் உண்டு: எங்கே இடித்தது, எங்கே பட்டை கழுத்தை அழுத்தியது என்று இறங்கியபின் அவர் சொல்வார். பொம்மை சொல்லாது.

உண்மையான மீட்பு ஒன்று நடந்து முடிந்தபின் செய்ய வேண்டியவற்றைப் பாடத்திட்டங்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அடிபட்டவர் தொங்கிய கயிறு, சேணம், காராபினர்கள் எல்லாவற்றையும் தனியே எடுத்து, அவிழ்க்காமல், கழுவாமல் வைக்க வேண்டும். விசாரணைக்கு அவை தேவைப்படும். இருவரின் எடையைத் தாங்கிய மீட்புக் கயிறும் கருவியும், தகுதியுள்ளவர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை வேலைக்கு வரக் கூடாது. மீட்டவர் அன்று மறுபடி ஏறக் கூடாது. கை நடுக்கம் நின்றுவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும் சரி. பாதி வெட்டிய மரம் அப்படியே நின்றால் அடியில் யாரும் போகாதபடி அடைத்துவிட்டு, மிச்ச வேலையை நடந்ததைப் பாராத வேறொரு குழுவிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் ஏறுவதற்கு முன், மேலே எந்தக் கிளை தொங்குகிறது, ரம்பம் எங்கே சிக்கியிருக்கிறது, எந்தக் கவையை நம்பக் கூடாது என்பதை மீட்டவரே அவர்களுக்கு மரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.